மந்தைக்காரர் மேல் முளைத்த கம்பளி

மந்தைக்காரரின் உடம்பில் கம்பளி முளைத்தபோது ஊரில் முதலில் அதன் தரத்தைப் பற்றித்தான் பேச்சு வந்தது. நீளமான இழை, லேசான சுருள், உள்ளே வெண்ணெய் நிறம், விரலால் அமுக்கினால் மறுபடி எழும்பி நிற்கும். அந்த மாதிரிச் சரக்கு அவருடைய மந்தையிலேயே நாலைந்து பெட்டை ஆடுகளுக்குத்தான் உண்டு என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது. முதலில் முதுகில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் இருந்தது. சட்டையில் ஒட்டிய பஞ்சு என்று நினைத்து அவர் மனைவி அதைப் பிடித்து இழுக்க, மனுஷர் ஐயோ என்று கத்தியிருக்கிறார். அடுத்த சந்தை கூடுவதற்குள் தோள், நெஞ்சு, தொடை என்று ஓர் இடம் விடாமல் பரவிவிட்டது. அவருடைய மாப்பிள்ளை கம்பளி வியாபாரி. மாமனாரின் தோளிலிருந்து ஒரு கற்றையைப் பிரித்து, இரண்டு முனையையும் பிடித்துக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார். அறுகிற இழையா, தாங்குகிற இழையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். "நல்ல உறுதி மாமா," என்றார். தொழில் புத்தி, வேறென்ன! மாமனார் அதற்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏன் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஊருக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கம்பளி வெட்ட ஒரு காலம் இருக்கிறது. குளிர் முழுசாக விட்டிருக்க வேண்டும், வெயில் கொளுத்த ஆரம்பித்திருக்கக் கூடாது. ஆடு காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் ஆட்டுக்கும் கேடு, மூட்டை கட்டிய கம்பளியும் உள்ளுக்குள் புழுங்கி நாறிப்போகும். முந்தின நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும், வயிறு முட்டத் தின்ற ஆட்டைப் புரட்டினால் அதற்கு மூச்சு முட்டும். சினை ஆடுகளைக் குட்டி போடுவதற்கு முன்பே வெட்டிவிட்டால் நல்லது, குட்டி தேடாமலே மடி கிடைக்கும். ஆனால் வெட்டிய ஆட்டுக்கு மேலே கூரையும் கீழே வைக்கோலும் வேண்டும், கொஞ்ச நாளைக்கு அது தோல் உரித்த பிள்ளை மாதிரிதான். இதெல்லாம் ஊர்க் கத்தரிக்காரருக்குத் தண்ணிபட்ட பாடு. அவர் கத்தரி போட்டால் ஆட்டின் மேல் ஒரு கீறல் இருக்காது. டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிற மனுஷர், எதிலும் அவசரம் கிடையாது. அவர் மனைவியும் அதே தொழில்தான். கத்தரிக்காரி என்றுதான் ஊரில் அவளுக்குப் பெயர். இருவரும் ஆளுக்கொரு ஆட்டைப் பிடித்து எதிரெதிரே உட்கார்ந்து வெட்டுவதைப் பார்த்தால் சண்டைபோடாத புருஷன் பெண்டாட்டியும் உலகத்தில் உண்டு என்று நம்பத் தோன்றும்.

முந்தின குளிர்காலத்தில் மந்தைக்காரருக்கு ஓர் ஆசை வந்தது. மற்றவர்கள் கத்தரியை எடுப்பதற்கு முன்பே தன் கம்பளி சந்தைக்குப் போய்விட வேண்டும் என்று. குளிர் இன்னும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது, மேற்கே மழை வேறு கறுத்து நின்றது. வேண்டாம் என்று கத்தரிக்காரர் சொல்லிப் பார்த்தார். "உன்னை வெட்டத்தான் கூப்பிட்டேன், வானம் பார்க்க இல்ல," என்றார் மந்தைக்காரர். ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைப்பதாக வாக்குக் கொடுத்ததால்தான் கத்தரிக்காரர் சம்மதித்தார். மனைவிக்குக் காய்ச்சல், அதனால் தனியாகவே போனார். மந்தைக்காரர் நல்ல வாக்கைத்தான் காப்பாற்றினார்! கத்தரிக்காரர் கடைசி ஆட்டை விட்டு நிமிர்ந்து பார்த்தபோது கொட்டகை முழுக்கக் கம்பளி மூட்டை. கம்பளி நனையக் கூடாதாம். ஆடுகள் ஆளுயர முள்வேலி போட்ட திறந்த பட்டியில், வெட்டிய மேனியோடு, மழையில் நின்றன. அதுவரை குரல் உயர்த்தாத மனுஷர் அன்று பட்டிக்குள் ஆடுகளின் நடுவில் நின்று கத்தினார். "அவ்வளவு பாசமா? அப்ப நீயும் அதுங்களோடயே இரு," என்று பட்டிக் கதவை வெளியே பூட்டிவிட்டு மந்தைக்காரர் வீட்டுக்குப் போய்க் கணப்பைக் கிளறிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் காய்ச்சலோடு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்த கத்தரிக்காரி முதலில் பார்த்தது அந்தப் பூட்டைத்தான். உள்ளே பாதி ஆடுகளுக்கு மேல் விறைத்துக் கிடந்தன. அவள் புருஷன் தன் போர்வையை இரண்டு சினை ஆடுகளின் மேல் போட்டுவிட்டு, நடுவில் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு ஆடுகளும் பிழைத்தன. அவர் பிழைக்கவில்லை. மந்தைக்காரர் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக. பிறகு கூடிய கூட்டத்துக்குச் சொன்னார்: குடித்துவிட்டுக் கண்டபடி ஆழமாக வெட்டியிருக்கிறான், ஆடுகள் விழுந்ததும் பயந்துபோய்ப் பட்டிக்குள் ஒளிந்துகொண்டான், போய்ச் சேர்ந்துவிட்டான் பாவம். பூட்டு வெளியே தொங்கியது என்று கத்தரிக்காரி எல்லோரிடமும் சொன்னாள். பாதி ஊர் மந்தைக்காரரின் ஆடுகளால் பிழைத்தது, மீதி ஊர் அந்தப் பாதியோடு சம்பந்தம் செய்திருந்தது. யார் காதில் விழும்? குடிகாரன் என்ற பெயரோடு அவர் மண்ணுக்குள் போனார். அவளுக்கு அதுதான் ஆறவில்லை. சாவைக்கூட ஒருமாதிரி முழுங்கிவிட்டாள், அந்தப் பெயர் தொண்டையிலேயே நின்றது. அன்று முதல் தினமும் புருஷனின் கத்தரியைச் சாணைக்கல்லில் தீட்டினாள். வெட்டச் சொல்லி ஓர் ஆடும் அவளிடம் வரவில்லை, இருந்தாலும் தீட்டினாள்.

மந்தைக்காரரிடம் திரும்புவோம். சவரக் கடைக்காரரின் கத்தி முதல் இழுப்பிலேயே மழுங்கியது, இரண்டாவது கத்தியும் அப்படியே. வெளியூரிலிருந்து இயந்திரக் கத்தரியோடு வந்த ஆட்கள் இயந்திரத்திலிருந்து புகை வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். அதைத் தடவியதில் கம்பளி இன்னும் பளபளப்பானது. மழை பெய்தால் அவர் மேல் அடித்த ஈர ஆட்டு வாடை தாங்காமல் மனைவி படுக்கையைக் கூடத்துக்கு மாற்றினாள், பிறகு தாழ்வாரத்துக்கு. கிடாக்கள் அவரைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு முட்ட வந்தன. எல்லாவற்றையும்விட மந்தை நாய் செய்த காரியம்தான் அவரை நொறுக்கிப் போட்டது. பொழுது சாய்ந்ததும் அது அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, குதிகாலில் லேசாகக் கடித்து, மற்ற ஆடுகளோடு சேர்த்துப் பட்டிக்குள் தள்ளிவிட்டு வாசலில் படுத்துக்கொள்ளும். நாயைக் குறை சொல்ல முடியாது, அதன் வேலையை அது பார்த்தது. கத்தரிக்காரி சாபம் விட்டிருப்பாளோ என்று சிலர் அவளிடமே கேட்டார்கள். "சாபம் விட்டிருந்தா கம்பளியோட விட்டிருக்க மாட்டேன்," என்றாள்.

வேறு வழியில்லாமல் ஒருநாள் மந்தைக்காரர் அவள் வாசலில் போய் நின்றார். தூறலில் நனைந்திருந்தார். அவள் கத்தரியைத் துடைத்தபடியே ஏறிட்டுப் பார்த்து, ஈர ஆட்டை வெட்டுவதில்லை, காய்ந்த பிறகு வாருங்கள் என்றாள். மறுநாள் காய்ந்து வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார், ஏதோ உபசாரம் என்று நினைத்து. வயிறு நிறைந்திருந்தால் புரட்ட முடியாது, போய்விட்டு வாருங்கள் என்றாள். ஊரையே ஆட்டி வைத்த மனுஷர் பட்டினி கிடந்து, வெயிலில் காய்ந்து, மூன்றாவது தடவை வந்தார். அவள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கம்பளியை விரலால் பிளந்து பார்த்தாள். அடியில் பசபசவென்று எண்ணெய்ப் பசை ஏறியிருந்தது. கத்தரி வழுக்கிக்கொண்டு போகிற பதம், வெட்ட அதைவிட நல்ல நாள் அமையாது. புருஷனின் கத்தரியால் ஓரமாக ஒரு கற்றையைத் தொட்டாள். ஒரே வெட்டில் விழுந்தது. மந்தைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டாள். "வெட்டுறேன். அதுக்கு முன்னாடி சந்தையில நாலு பேர் நடுவுல நின்னு ஒண்ணு சொல்லணும். அவர் குடிக்கல, ஆழமா வெட்டல. நான்தான் வெட்டச் சொன்னேன், நான்தான் பூட்டினேன்னு. அவ்வளவுதான். சொல்லிட்டு வாங்க."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"சாக மாட்டீங்க ஐயா. வேர்க்கும், அவ்வளவுதான்," என்று கதவைச் சாத்தினாள்.

வேர்க்கத்தான் செய்தது. அந்தக் கோடை மாதிரி ஒரு கோடையை யாரும் கண்டதில்லை என்று ஒவ்வொரு கோடையிலும் சொல்வார்கள்; அந்த வருஷம் மந்தைக்காரர் சொன்னால் மட்டும் நம்பலாம். கிணற்றுத் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பார். எழுந்தால் கம்பளி குடித்த தண்ணீரின் பாரத்தில் மறுபடி உட்கார்ந்துவிடுவார். உண்ணி ஏறியது. இடுக்குகளில் ஈ முட்டையிட்டது, மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு மருந்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன் என்று அவளே கெஞ்சினாள். சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் அவருக்குப் புரியவில்லை. எத்தனையோ பேர் ஒரு வார்த்தைக்குப் பயந்து வாழ்நாள் முழுக்கக் கம்பளி போர்த்திக்கொண்டு அலைகிறார்கள். கத்தரிக்காரி வேண்டுமென்றே தினமும் அவர் வீட்டு வழியாகப் போனாள், மெல்லிய சேலை கட்டிக்கொண்டு, விசிறியால் வீசிக்கொண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவும் இல்லை. அவர் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பசியெடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

பிறகு குளிர் திரும்பியதும் மந்தைக்காரரின் காலம் வந்தது. ஊரே போர்வைக்குள் நடுங்கும்போது இவர் வெறும் கம்பளியோடு சந்தைத் தெருவில் உலாத்தினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. மீசை எது, கம்பளி எது என்றே தெரியாத நிலையிலும் அந்தக் குணம் போகவில்லை. எதற்கு வெட்ட வேண்டும், உங்களுக்கெல்லாம் இல்லாதது எனக்கு இருக்கிறது என்று தம்பட்டம் அடித்தார். கத்தரிக்காரிக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு பொறுமையாக அவள் அடுக்கி வைத்தது அத்தனையும் ஒரு குளிர் காற்றில் பறந்துவிடும் போலிருந்தது. கத்தரியைத் தீட்டும் சத்தம் அந்த வாரம் பலமாகவே கேட்டது.

ஆனால் நேரத்துக்கு வெட்டாத கம்பளி வளராமல் நிற்காது. அது கன்னத்தில் ஏறி, நெற்றியில் இறங்கி, கண்ணை மூடியது. ஆடுகளுக்கும் அப்படி ஆவதுண்டு, மேயத் தெரியாமல் வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். மந்தைக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார், வீம்பை மட்டும் விடவில்லை. அந்த வருஷத்துக் குளிரிலேயே கொடுமையான நாளில், மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருக்க, சந்தைத் தெருவின் நட்ட நடுவில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். முழுக் கம்பளியோடு மல்லாந்த ஆடு தானாக எழுந்திருக்காது. கால்கள் மேலே நிற்கும், வயிறு உப்பி நெஞ்சை அமுக்கும், சீக்கிரம் தூக்காவிட்டால் கதை முடிந்தது. தூக்கத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஒரு பக்கம், மூட்டை தூக்குகிறவர்கள் மறுபக்கம். கம்பளி மழையைக் குடித்துக் குடித்து ஊறிக்கொண்டே போனது, அசைக்க முடியவில்லை. அவர் உதடு நீலமாகிவிட்டது. யாரோ ஓடிப்போய்க் கத்தரிக்காரியைக் கூப்பிட்டார்கள்.

அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். தலையில் முக்காடு, கையில் கத்தரி. கூட்டம் வழிவிட்டது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்த கம்பளியை மட்டும் விலக்கி, தன் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"வெட்டு," என்று முனகினார்.

"முதல்ல சொல்லுங்க."

சொன்னார். மூச்சு விட்டு விட்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவன் குடிக்கல. ஆழமா வெட்டல. நான்தான் வெட்டச் சொன்னேன். கொட்டகையில மூட்டையை வச்சேன். நான்தான் பூட்டினேன். சிலர் தரையைப் பார்த்தார்கள், மந்தைக்காரரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். இத்தோடு அவள் மனசு இறங்கிவிடும், நல்லபடியாக வெட்டிவிட்டு அழுதுவிடுவாள் என்று கூட்டத்தில் பலரும் நினைத்தார்கள். பெண் மனசைப் பற்றி ஊருக்கு எப்போதும் ஒரு தப்புக் கணக்கு உண்டு.

"நனைஞ்சிருக்கீங்க," என்றாள். "வயிறும் உப்பியிருக்கு. குளிரோ கொல்லுது, மேல கூரை இல்ல. வெட்டக் கூடாத நாள் இது. தொழில் தெரிஞ்சவ நான் சொல்றேன், வேண்டாம். என்ன பண்ணட்டும் ஐயா?"

அவருக்குப் புரிந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். ஆனாலும் மூச்சு நின்றுகொண்டிருந்தது, வேறு வழியில்லை. "வெட்டச் சொல்றேன்ல," என்று கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அவர்தான் சொன்னார்," என்று சேலையை இழுத்துச் செருகினாள்.

முதலில் வயிறு. அந்தக் கம்பளி அழுக்கு, அதைத் தனியாக வெட்டி ஓரமாகப் போட்டாள். மூச்சு வந்தது. பிறகு அவரைப் புரட்டிப் பிட்டத்தில் உட்காரவைத்து, முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். அப்படி உட்காரவைத்துவிட்டால் எந்த ஆடும் அடங்கிவிடும். மந்தைக்காரரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடங்கிப் போனார். தொடையின் உள்பக்கம், கால், இடுப்பு, கழுத்துக்கு அடியில் ஒரு திறப்பு, அங்கிருந்து தோள். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாத இடத்தில் மட்டும் கத்தரியை ஓட்டினாள். கம்பளியைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடவே எழும்பிக் கத்தரிக்குள் போகும், அதனால் ஒரு தடவையும் தூக்கவில்லை. ஒருதரம் போன இடத்தில் மறுபடி போகவில்லை, போனால் துண்டு இழை விழுந்து சரக்கு கெடும். முதுகெலும்பின் நீளத்துக்கு நீள நீளமாக இழுத்தாள். அவசரமே இல்லை. பார்த்தவர்களுக்கு அந்தக் கை யாருடைய கை என்று தெரிந்திருக்கும். கம்பளி முழுசாக, ஒரு சட்டையைக் கழற்றிய மாதிரி, ஒரே துண்டாக வந்தது. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கூடியிருந்த ஊர் அதைப் பார்க்கத்தான் அங்கேயே வைத்து வெட்டினாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மந்தைக்காரர் எழுந்து நின்றார். இளஞ்சிவப்பாக, ஒட்ட வெட்டிய மேனியோடு, மழையில். பல் கிட்டியது. போர்த்திக்கொள்ள அந்தக் கம்பளியையாவது கொடு என்று கை நீட்டினார். "ஈரக் கம்பளி குளிரைத் தாங்காதுங்க," என்று அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். மாப்பிள்ளை தன் கோட்டைக் கழற்றி மாமனாருக்குப் போட்டார். அதற்கு மேல் மூன்று போர்வை, கணப்பு, சூடான சூப்பு, என்னென்னவோ. மந்தைக்காரர் சாகவில்லை. ஆனால் அந்தக் குளிர் அவரை விட்டு இறங்கவும் இல்லை. அடுத்த கோடையின் உச்சி வெயிலிலும் அவர் வாயிலிருந்து புகை வந்தது. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் பனி பூத்திருக்கும். முதலில் பயந்த ஊர் பிறகு பழகிக்கொண்டது. பால்காரர் வெயில் காலத்தில் கேன்களை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார், பால் திரிவதில்லை. மீன் விற்பவர்களும் சரக்கு கெடாமலிருக்க அவரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கத்தரிக்காரரின் பெயரிலிருந்து குடி ஒருவழியாகக் கழன்றது. ஆடுகளும் அவர் மனைவியைத் தேடி வரத் தொடங்கின. அவள் அந்தக் கம்பளியைக் காயவைத்து, அடித்துத் தட்டி, தடிமனான மிதியடியாக்கி வாசற்படியில் போட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அதில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சேற்றுக் காலோடு வருகிறவர்களை அவள் தனியாக உபசரிப்பாள். ஒருநாள் மந்தைக்காரர் ஏதோ கேட்க வந்து தெரியாமல் அதன் மேல் நின்றார். நின்ற மாத்திரத்தில் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறியது. உலகத்தில் வேறு எங்கேயும் அவருக்கு அது கிடைக்கவில்லை. மறுநாளும் வந்தார். சும்மா நிற்க அவள் விடவில்லை. சந்தையில் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும் நிற்கலாம், நிறுத்தினால் இறங்கிவிட வேண்டும் என்றாள்.

இப்போதும் சாயங்காலம் ஆனால் வருவார். வாசலில் நின்று, அவன் குடிக்கல, ஆழமா வெட்டல, நான்தான் வெட்டச் சொன்னேன், நான்தான் பூட்டினேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தெருவில் போகிற பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். அவள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், கத்தரிக்கு எண்ணெய் போடுவாள். குரல் கம்மி நின்றதும் வந்து கதவைச் சாத்துவாள். போதுமேம்மா, வயசான மனுஷன், மனசு இன்னுமா ஆறவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருதரம் கேட்டாள். "ஆறல," என்றாள் கத்தரிக்காரி. "அவருக்குத் தொண்டை கட்டுற அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருக்கேன்."